வேவும் மேளமும்: செஞ்சிச் சீமையிலிருந்து சில குறிப்புகள்

பறையடிப்போர் தம் அடிவகைகளைப் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டு வரும்போது சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி, மருளடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று வரிசை நீளும். அந்த வரிசையில், எவ்விதக் கூச்சமுமின்றி, ‘சினிமா அடி’ என்று ஒன்றும் வந்து உட்கார்ந்திருக்கும். நாட்டார் கலைகளின் தூய்மையைப் பற்றிக் கவலை கொள்ளும் அன்பர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். சாமிக்கும் சாவுக்கும் நடுவே சினிமாவுக்கு என்ன வேலை என்பது அவர்களுடைய வருத்தம். நமக்கோ, அந்த வரிசையிலேயே மிகுதியான வரலாறு பொதிந்த பெயர் அதுதான் என்று தோன்றுகிறது. கொட்டகையின் ஒலிபெருக்கியில் கேட்டதைத் தோலுக்கும் குச்சிக்கும் மாற்றி, நான்கைந்து பேர் சேர்ந்து அடிக்கும் உருப்படியாக ஆக்கிக்கொண்ட ஒரு கூட்டத்தாரின் செவித்திறன் அதில் பதிவாகியிருக்கிறது.

அந்தச் செவித்திறனின் ஒரு மூலையை மட்டுமே இங்கு பார்க்க முனைகிறோம். பாட்டை எடுத்துவிட்டாலும், சொல்லை எடுத்துவிட்டாலும், தாளம் ஒன்றினாலேயே அடையாளம் காணத்தக்க திரையிசை வகை ஒன்று உண்டென்றால் அது உளவுப் படத்தின் இசைதான். நம் கொட்டகை வழக்கில் அதற்குச் ‘சி.ஐ.டி. படம்’ என்று பெயர். பிறகு ‘ஜேம்ஸ் பாண்ட் படம்’ ஆயிற்று. மேளக் குழுவினர் இத்தகைய இசையை எடுத்து அடிப்பது வெறும் போலச்செய்தலா, அல்லது தங்கள் வீட்டுப் பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்வதா? இதுவே நமது கேள்வி.

இந்தக் கேள்வியைச் செஞ்சியில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. செஞ்சி என்றதும் நம் நினைவில் எழுவது தேசிங்கு ராஜனும் அவன் குதிரையும். 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்ட அந்த இளைஞனைக் கதைப்பாடல் தெருத்தெருவாகக் கொண்டு சென்றது, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து, ஜி. ராமநாதன் இசையமைத்து ‘ராஜா தேசிங்கு’ திரைப்படமாகவும் வந்தது. வாளும் குதிரையும் நேருக்கு நேர் மோதும் வீரமுமே செஞ்சியின் முகம் என்றாகிவிட்டது. ஆனால் அந்த ஊரின் வரலாற்றைச் சற்று அருகில் சென்று பார்த்தால், அங்கே வாளைவிட வேடமே அதிகம் வேலை செய்திருக்கிறது. அதே மண்ணில்தான் தெருக்கூத்தும் திரௌபதி அம்மன் வழிபாடும் பெரிய மேளமும் தழைத்திருக்கின்றன. வேவும் மேளமும் ஒரே ஊரில் குடியிருக்கும் இடம் என்று செஞ்சியைச் சொல்லலாம்.

*

முதலில் அயலூர்ச் சமாசாரத்தை முடித்துக்கொள்வோம்.

உளவுப் பட இசைக்கு உலகளாவிய அடையாளத்தைத் தந்தது 1962இல் வெளிவந்த ‘டாக்டர் நோ’. அந்தப் படத்தின் ஜேம்ஸ் பாண்ட் மெட்டு மாண்டி நார்மன் பெயரில் பதிவாகியுள்ளது. அதை வாத்தியக் குழுவுக்கு அமைத்துக் கொடுத்தவர் ஜான் பாரி. உண்மையான படைப்பாளி யார் என்ற சண்டை நாற்பதாண்டு நடந்து, 2001இல் லண்டன் நீதிமன்றத்தில் நார்மன் ஒரு செய்தித்தாளுக்கு எதிரான அவதூறு வழக்கில் வென்றார். நமக்குச் சுவையான செய்தி வேறு. நார்மன் அந்த மெட்டைப் புதிதாக உண்டாக்கவில்லை. வி.எஸ். நைபாலின் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலை இசை நாடகமாக்கும் முயற்சி ஒன்று இருந்தது. அதற்காக, திரினிதாதில் வாழும் இந்தியப் பாத்திரம் ஒன்று பாடுவதாக அவர் போட்டு வைத்திருந்த மெட்டே பிறகு பாண்டுக்குப் போயிற்று. நாடகம் அரங்கேறவில்லை. கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கடல் கடந்தவர்களின் வழிவந்த ஒருவனுக்கென்று பிறந்த சுரக்கோவை, வெள்ளைக்கார உளவாளியின் கோட்டு சூட்டை மாட்டிக்கொண்டு உலகம் சுற்றியது. வேடம் போடுவதில் இந்த மெட்டு பாண்டையே மிஞ்சிவிட்டது!

தாளத்தைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமானது 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடருக்கு லாலோ ஷிஃப்ரின் அமைத்த முகப்பிசை. அர்ஜென்டினாவில் பிறந்து, 2025 ஜூனில் மறைந்தவர் ஷிஃப்ரின். மேற்கத்திய வெகுசன இசை பெரும்பாலும் நான்கில் நடக்கும். இவர் ஐந்தில் நடத்தினார். ஒரு சுற்றைப் பத்து மாத்திரையாக எண்ணிக்கொண்டால் மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்று விழும். நம் சொற்கட்டில் தகிட தகிட தக தக. இதைக் கண்ட சாபுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கும் இரு சுற்றுக்குப் பத்துதான். ஆனால் தக தகிட தக தகிட என்று முறியும். கூட்டுத்தொகை ஒன்று, மூட்டுகள் வேறு. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு ஷிஃப்ரினின் ஐந்து அச்சமூட்டுவதில்லை. நான்கில் ஊறிய காதுக்கோ ஒவ்வொரு சுற்றிலும் தரை ஓர் அங்குலம் நழுவுகிறது. கால் வைக்க நினைத்த படி அங்கே இல்லை. உளவுக் கதையின் மெய்ப்பாடு இதுவே அல்லவா? 1996இல் இத்தொடர் திரைப்படமானபோது, ‘யூ2’ குழுவின் ஆடம் கிளேட்டனும் லாரி மல்லனும் இந்த இசையை மறுவார்ப்பு செய்து, ஐந்தில் தொடங்கிப் பெரும்பகுதியை நான்குக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நடன அரங்குகளில் ஆட வசதியாயிற்று. நழுவும் தரை கெட்டிப்பட்டுவிட்டது என்பது நம் குறை.

அந்த முகப்பிசையின் அடியில் விடாமல் துடித்துக்கொண்டிருப்பது பாங்கோ. இரட்டைச் சிறு மேளம், விரலால் அடிப்பது. கியூபாவின் கிழக்குப் பகுதியில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினரிடையே உருவான வாத்தியம். ஐம்பது, அறுபதுகளின் அமெரிக்கத் திரையில் இரவு, ஆபத்து, அறியாத ஊர், நம்பத்தகாத பெண் எல்லாவற்றுக்கும் பாங்கோதான் குறியீடு. தனக்குப் புரியாத ஒருவரின் மேளத்தை எடுத்து ‘மர்மம்’ என்று பெயரிட்டுக்கொள்வது அவ்வூர்ப் படக்காரர்களின் வழக்கமாயிற்று. நம் படக்காரர்கள் அங்கிருந்து கற்றது மெட்டை மட்டுமன்று, இந்த வழக்கத்தையும்தான்.

*

தமிழில் சி.ஐ.டி. படங்களின் பொற்காலம் என்றால் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸைத்தான் சொல்ல வேண்டும். 1966இல் ‘வல்லவன் ஒருவன்’; பிரெஞ்சு ஓ.எஸ்.எஸ். 117 படங்களுள் ஒன்றைத் தழுவியது. 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’. இரண்டிலும் நாயகர் ஜெய்சங்கர். ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ என்ற பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது. இரண்டுக்கும் இசை வேதா. இந்தி மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்று ஒரே வரியில் அவரைக் கடந்து போவது வழக்கம். தயாரிப்பாளர்கள் கேட்டதை அவர் கொடுத்தார் என்பது உண்மையே. ஆனால் மெட்டை இரவல் வாங்கிய அதே படங்களின் பின்னணி இசையை, பாட்டு இல்லாத இடங்களை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்க வேண்டும். தாழ்ந்த குரலில் பாங்கோ, திடீரென்று அறுந்து விழும் மௌனம், பிறகு பித்தளை ஊதுகருவிகளின் அலறல். ஏ.வி.எம்.மின் ‘அதே கண்கள்’ (1967) படத்திலும் இதே கைவண்ணம். வேதாவை நகலெடுப்பவர் என்று சொல்பவர்கள் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறார்கள்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. பி.ஆர். பந்துலு இயக்கத்தில் எம்.ஜி.ஆர். ‘ரகசிய போலீஸ் 115’ (1968) ஆனார், இசை எம்.எஸ். விஸ்வநாதன். அடுத்த ஆண்டே சிவாஜி ‘தங்கச் சுரங்க’த்தில் துப்பாக்கி எடுத்தார், இசை, விஸ்வநாதனிடமிருந்து பிரிந்து தனித்து நின்ற டி.கே. ராமமூர்த்தி. 1986இல் சுஜாதா கதையில், இளையராஜா இசையில் ‘விக்ரம்’ வந்தபோது தோலின் இடத்தை மின்னணு ஒலிகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. திருடுபோன ஏவுகணையைத் தேடிச் செல்லும் கதைக்கு அது பொருத்தம்தான்.

இந்த இருபதாண்டுப் படங்களைச் சேர்த்து வைத்துக் கேட்டால் ஒரு செய்தி உறுத்துகிறது. நாயகன் துப்பறியும்போது பாங்கோ, காங்கோ, டிரம்ஸ். கிளப் நடனத்துக்கும் அவையே. நம் ஊர்ப் பறையும் உடுக்கையும் பம்பையும் எங்கே ஒலிக்கின்றன என்று தேடினால் சாவு ஊர்வலத்தில், சாமியாட்டத்தில், நாயகனைக் கட்டி வைத்துச் சுற்றி ஆடும் ‘காட்டுவாசிகள்’ நடுவில். நாகரிகமான மர்மத்துக்குக் கியூபா மேளம். அநாகரிகமான அச்சத்துக்கு உள்ளூர் மேளம். அமெரிக்கர்கள் கியூபாக்காரனுக்குச் செய்ததை நாம் நம்மவர்க்கே செய்தோம்.

இதில் நுட்பம் சார்ந்த காரணமும் இருந்திருக்கும் என்பதை மறுக்கக் கூடாது. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில், சில ஒலிவாங்கிகளை நம்பிப் பதிவு செய்த காலம் அது. பறை திறந்த வெளிக்கானது. வேப்பமரச் சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சி, விறைப்பேற்றி அடிக்க வேண்டும். சூடு இறங்கினால் சுதியும் இறங்கும். பாங்கோ விரலுக்கு அடங்கும். ஆனால் கருவியின் சத்தம் மட்டும் காரணமாக இருந்திருந்தால், சத்தம் தேவைப்பட்ட சாவுக் காட்சியில் மட்டும் அதே கருவி எப்படி ஒலிக்கூடத்துக்குள் வந்தது? வாசலில் நிறுத்தப்பட்டது கருவியோடு சேர்ந்து அதை அடிப்பவரின் சாதியும்தான் என்று எண்ண இடமிருக்கிறது.

*

இனி செஞ்சிக்கு வருவோம்.

தொல்காப்பியப் புறத்திணையியலில் முதல் திணை வெட்சி. பகைவரின் ஆநிரையை இரவில் கவர்ந்து வருவது. அதன் துறைகளை அடுக்கும்போது படை இயங்கும் அரவம் முதலில் வருகிறது. சற்றுத் தள்ளி, பகைவர் அறியாமல் ஒற்றர் கொண்டுவரும் ‘வேய்’ வருகிறது. ஓசையும் உளவும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. திணைக்கொரு பறை வகுத்த மரபில், வழிப்பறிக்குரிய பாலைக்கு ஆறெறிப்பறையும் சூறைகோட்பறையும் உண்டு. வள்ளுவரோ ஒற்றாடலுக்குப் பத்துக் குறள் ஒதுக்கி, துறவி வேடம் ஒற்றனுக்கு ஏற்றது என்று தொழில்நுட்பமே சொல்லிக்கொடுக்கிறார்.

வள்ளுவர் சொன்ன அதே உத்தி செஞ்சிக் கோட்டைக்கு ஓர் அரசனைக் கொண்டுவந்து சேர்த்தது. 1689இல் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றபின், அவர் தம்பி ராஜாராம் பன்ஹாலாக் கோட்டையிலிருந்து தப்பி, லிங்காயத யாத்திரிகர் வேடத்தில் சில துணைவர்களோடு தெற்கே வந்தார். பெங்களூரில், உடன் வந்தவர்கள் ஒருவருக்கு மட்டும் கால் கழுவிவிடுவதைக் கண்டு யாரோ ஐயுற்றதாகவும், துணைவர் சிலர் பின்தங்கி நின்று பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டும் வாய் திறக்கவில்லை என்றும் மராட்டிய மரபு சொல்கிறது. எந்தத் திரைக்கதாசிரியரும் பொறாமைப்படத்தக்க காட்சி. 1690இல் சுல்பிகர்கான் தொடங்கிய முற்றுகை 1698 வரை இழுத்தது. எட்டாண்டு ஒரு கோட்டை விழாதிருந்ததற்கு ராஜகிரியின் செங்குத்துப் பாறை மட்டும் காரணமன்று. முற்றுகையிட்ட தளபதியே உள்ளிருப்பவரோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்தார் என்பது அக்காலத்தவரே பேசிய பேச்சு. ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ் தன் பங்குக்கு ராஜாராமோடு இரகசியமாக ஓலை பரிமாறி, சொந்தப் பாசறையிலேயே கைதானான். கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. சி.எஸ். சீனிவாசாச்சாரியின் செஞ்சி வரலாற்றை (1943, அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடு) துப்பறியும் நாவல் போலப் படிக்கலாம். பிறகு 1750இல் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி இரவுத் தாக்குதலில் இக்கோட்டையைப் பிடித்ததும், 1761இல் ஆங்கிலேயரிடம் அது போனதும் தெரிந்த கதை. 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழ்நாட்டுக்குரியது செஞ்சி ஒன்றே.

கோட்டையின் இந்த இரகசியங்கள் ஆவணங்களில் கிடக்கின்றன. மக்கள் நினைவில் கிடப்பது வேறொரு வேவுக் கதை. செஞ்சிக்கருகே மேலச்சேரி என்னும் பழைய செஞ்சி இருக்கிறது. அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலை இவ்வழிபாட்டின் ஆதிக் கோயிலாகக் கருதும் மரபு உண்டு. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட தம் பெருநூலின் முதல் தொகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம் வரை என்று துணைத்தலைப்பு இட்டதற்கு இதுவே காரணம். வியாசரிலும் வில்லிபுத்தூராரிலும் இல்லாத போர்மன்னன் கதை இந்தச் சீமையில் வழங்குகிறது. பாரதப் போரில் பாண்டவர் வெல்ல வேண்டுமென்றால் போர்மன்னன் என்னும் அரசன் தன் கோட்டையில் பூசையில் வைத்திருக்கும் பொருள்கள் வேண்டும். படை எடுத்துப் பெற முடியாது. ஆகவே கண்ணன் கிழவியாகவும், அருச்சுனன் விசயாம்பாள் என்னும் இளம்பெண்ணாகவும் வேடமிட்டுக் கோட்டைக்குள் நுழைகிறார்கள். அரசன் பெண்ணைப் பார்த்து மயங்குகிறான், பொருள்கள் கைமாறுகின்றன. ஊருக்கு ஊர் விவரம் மாறும். பொருள்களின் பட்டியலும் மாறும். ஆனால் அப்பட்டியலில் வீரபம்பை உண்டு.

பம்பை! எதிரியின் கோட்டைக்குள் மாறுவேடத்தில் புகுந்து கவர்ந்து வரும் இரகசிய ஆயுதம் ஒரு மேளம். 1986இன் ‘விக்ரம்’ ஏவுகணையைத் தேடிப் போனதைச் சற்று முன் சொன்னோம். செஞ்சிச் சீமையின் பழைய உளவாளிகள் தாளவாத்தியத்தைத் தேடிப் போனார்கள். பாங்கோவைப் போலவே பம்பையும் இரட்டை. பெரும்பாலும் ஒன்று மரம், மற்றொன்று உலோகம். திரௌபதி அம்மன் கோயில்களில் அம்மனை வரவழைப்பதும், அருளிறங்கியவரை ஆட வைப்பதும் அதன் வேலை.

தெருக்கூத்தில் வேடம் மேடைக்கு வரும் முறையையும் இங்கு சொல்ல வேண்டும். இரவு தொடங்குமுன் களரி கட்டுவார்கள். மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை எல்லாம் சேர்ந்து நெடுநேரம் முழங்கி, இன்ன ஊரில் இன்றைக்குக் கூத்து என்று அக்கம்பக்கத்து ஊர்களுக்கு அறிவிக்கும் வாத்திய உருப்படி அது. பாட்டும் கதையும் இனிமேல்தான். பிறகு இருவர் ஒரு திரைத்துணியைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் வேடதாரி நிற்பார். கிரீடத்தின் நுனியும் காலின் சலங்கையும் மட்டும் தெரியும். உள்ளிருந்து விருத்தம். கட்டியங்காரன் வெளியே நின்று நீர் யார், எங்கிருந்து வருகிறீர் என்று விசாரிப்பான். மேளம் மெல்ல நெருக்கி, காலம் ஏறி, வெடிக்கும் கணத்தில் திரை விலகும். வேடம் கிறுகியடித்துக்கொண்டு சுழலும். பாண்ட் படங்களின் தொடக்கத்தில் துப்பாக்கிக் குழலுக்குள்ளிருந்து பார்ப்பது போன்ற வட்டம் நகர்ந்து வரும், ஓர் உருவம் நடந்து வந்து, சட்டென்று திரும்பிச் சுடும், மெட்டு வெடிக்கும். மறைப்பு, விசாரணை, தாள நெருக்கம், வெளிப்பாடு. இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றாயிருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. கூத்து பார்த்து வளர்ந்த காதுக்கு உளவுப் பட இசை அந்நிய மொழியாக இருந்திருக்க நியாயமில்லை என்று மட்டும் சொல்கிறோம்.

*

இப்போது ‘சினிமா அடி’க்குத் திரும்பலாம்.

தஞ்சைப் பக்கத்தில் பெரிய மேளம் என்றால் நாகசுரமும் தவிலும். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்தில் அதே சொல் தலித் கலைஞர்கள் அடிக்கும் மேளத்தைக் குறிக்கும். இடுப்பில் கட்டிக் குச்சியால் அடிக்கும் சட்டி, தோளில் தொங்கும் டோல், தாளம் என்று பலர் சேர்ந்து இயங்கும் குழு. ஒருவர் அடியைத் தொடங்க, மற்றவர் இடையில் புகுந்து நிரப்ப, இன்னொருவர் வெட்டி நிறுத்த, ஓர் அடி உருவாகிறது. ஒருவர் கையில் முழு அடியும் இருப்பதில்லை. சாவுக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று பிரிவு உண்டு. எந்த அடி கேட்கிறது என்பதை வைத்தே தெருக்கோடியில் இருப்பவர் செய்தியைத் தெரிந்துகொள்வார். செய்தி அனுப்பும் கருவி என்பதால் சங்கேதம் அதற்குப் புதிதன்று. (ஷிஃப்ரினின் இரண்டு நீளம் இரண்டு குறுக்கம் மோர்ஸ் தந்தியில் எம், ஐ என்னும் தொடர்ப்பெயரின் முதலெழுத்துகளோடு ஒத்துப்போவதைப் பலரும் எடுத்துக்காட்டி வியந்திருக்கிறார்கள். எங்கள் தெருக்கோடிக்காரருக்கு இதில் வியப்பு குறைவாகவே இருக்கும்.)

இத்தகைய குழு சினிமாவைக் கேட்டு அடி கட்டும்போது நடப்பது வெறும் நகல் அன்று. மெட்டை விட்டுவிட வேண்டும். சட்டியில் சுரம் பேசாது. பித்தளை அலறலைச் சட்டியின் ஓங்கிய ஒற்றை அடிக்கும், பாங்கோவின் விரல் ஓட்டத்தைக் குச்சியின் உருட்டலுக்கும், கிதாரின் கனத்த சுரங்களை டோலின் தாழ்ந்த முகத்துக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும். ஒருவர் வாசித்ததை ஐவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தகிட தகிட தக தக என்பதை எடுத்துக்கொண்டால், மூன்றுகள் இரண்டையும் ஒரு கையும், இரண்டுகளை மறு கையும் ஏற்க, தாளம் மட்டும் நேர் ஐந்தில் நிற்கலாம். மேலை நாட்டில் பள்ளி, கல்லூரித் தாளவாத்தியக் குழுக்களுக்கென்று இத்தகைய உருப்படிகளை அச்சிட்ட நோட்டாகவே விற்கிறார்கள். மேலே அமைத்தவரின் பெயர் இருக்கும். இங்கே அமைத்தவரின் பெயர் அடியோடு சேர்ந்து போவதில்லை. பாண்ட் மெட்டு யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல ஒரு நீதிமன்றம் இருந்தது. ஒரு சினிமா அடியை முதலில் கட்டியவர் யார் என்ற கேள்வி எழுவதற்கே நம்மிடம் இடமில்லை.

சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் தலித் மக்கள் மேளத்தைக் கீழே வைத்ததும், மேளத்தை உடைத்ததும் உண்டு. இழிவாக்கப்பட்ட கருவியைத் துறப்பதும் விடுதலைதான்; அதை எடுத்து மேடையேற்றுவதும் விடுதலைதான். இரண்டையும் ஒரே குடும்பத்தில் பார்க்கலாம். தொண்ணூறுகளுக்குப் பிறகு இரண்டாவது வழி ஓங்கியது. 2025ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பட்டியலில் பறைக் கலைஞர் வேலு ஆசானும், தெருக்கூத்தில் புரிசை கண்ணப்ப சம்பந்தனும், புதுச்சேரியின் தவில் கலைஞர் தட்சணாமூர்த்தியும் ஒருசேர இடம்பெற்றார்கள். மகிழ்ச்சிதான். ஆயினும் இன்று வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் வரை போயிருப்பது ‘பறை’ என்ற ஒரு சொல்லும் ஒரு வட்டக் கருவியும். சட்டியும் டோலும் சேர்ந்து பேசும் வடமாவட்டப் பெரிய மேளத்தின் தனிமொழி அந்தப் பொதுப்பெயரின் கீழ் மங்கிவிடுமோ என்ற ஐயம் நமக்கு உண்டு.

திரையும் மாறியிருக்கிறது. 2022இன் ‘விக்ரம்’ படத்தில் உளவாளி முதன்முதலில் தோன்றுவது கோட்டு சூட்டில் அன்று. ‘பத்தல பத்தல’ என்று சென்னைத் தமிழில் குத்தாட்டம் போட்டுக்கொண்டு. அனிருத்தின் இசையில் அங்கே அதிர்வது தெருவின் அடி. அவன் குடிகாரத் தந்தை என்று பார்ப்போர் நம்புகிறார்கள். படம் பாதி கடந்தபின்தான் அது வேடம் என்று தெரிகிறது. அறுபதுகளில் உளவாளியைச் சுற்றி ஆடியவர்களின் மேளம் இப்போது உளவாளியின் மறைவிடமாகிவிட்டது. மேளத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்பதை அருச்சுனன் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தான். அஞ்ஞாதவாச ஆண்டில் அவன் போட்ட வேடம் பிருகன்னளை. விராடன் மகள் உத்தரைக்கு ஆட்டமும் பாட்டும் கற்பித்த ஆசிரியை. துரியோதனனின் ஒற்றர்கள் நாடெங்கும் தேடிக் களைத்துத் திரும்பினார்கள். கூத்தாடிகளின் நடுவே தேட யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஆண்டின் முடிவை இச்சீமையின் பாரத விழாக்களில் ‘மாடுபிடி சண்டை’யாக நடத்துவதுண்டு. விராடனின் ஆநிரையைக் கௌரவர் கவர, பிருகன்னளை தேரேறுகிறாள். வெட்சித் திணை அப்படியே உயிரோடு நிற்கும் காட்சி. எதிரே நிற்பவர்களுக்கு வருவது யாரென்று கண்ணால் தெரியவில்லை, பெண் கோலம்தானே. துரோணர் மட்டும் தேரின் அரவத்தையும் சங்கையும் காண்டீபத்தின் நாணொலியையும் கேட்டுவிட்டு, இவன் அருச்சுனன் என்று சொல்லிவிடுகிறார்.